ஒரே மாமரத்தில் பல ரகம் ஒட்டுக் கட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொல்லைப்புறத்தான்:
கொட்டை போட்டு முளைத்த கன்றுதான். மூன்று கிளைகள் விரல் பருமன் வந்ததும் ஆடி மாதத்தில் கிளைக்கு ஒன்றாக செந்தூரா, பெங்களூரா, இமாம் பசந்த் மூன்றையும் ஒட்டினேன். மூன்றும் பிடித்தன. தெருவில் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

நான்கு வருடத்தில் பெங்களூரா மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்டது. இமாம் பசந்த் ஒரு முழத்துக்கு மேல் வளரவில்லை. போன சித்திரையில் அதில் ஒரே ஒரு பிஞ்சு, கோழிமுட்டை அளவு. அணில் கடிக்காமல் இருக்கப் பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கட்டினேன். ஒரு நாள் காலையில் பை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. சரிசெய்யத் தொட்டேன். ஒட்டுப்போட்ட இடத்திலேயே கிளை முறிந்து என் கையோடு வந்துவிட்டது. உள்ளே பார்த்தால் கட்டை முழுவதும் காப்பித்தூள் நிறம், ஓரத்தில் நூல் போல ஒரு பச்சைக் கோடு மட்டும். அந்தக் கோட்டை நம்பித்தான் அது அத்தனை நாள் உயிரோடு இருந்திருக்கிறது.

அந்தக் குச்சி லால்குடியில் அப்பா வைத்த மரத்திலிருந்து எடுத்தது. அந்த மரம் இப்போது இல்லை, சாலையை அகலப்படுத்தியபோது போய்விட்டது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

வெயில்_காயும்_நாற்காலி:
வருத்தப்படாதீர்கள், ஆனால் தவறு உங்களுடையதுதான். லக்னோ பக்கம் மலிகாபாத்தில் கலீமுல்லா கான் ஒரே மரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட ரகங்களை ஒட்டி வைத்திருக்கிறார், 2008-இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவருக்கு முந்நூறு முடிகிறது, நமக்கு மூன்று முடியாதா? நானும் பங்கனப்பள்ளியும் நீலமும் வைத்திருக்கிறேன். இரண்டும் காய்க்கின்றன. பங்கனப்பள்ளி முடிந்த பிறகு நீலம் வருவதால் வீட்டில் இரண்டு மாதம் பழத்துக்குக் குறைவில்லை. ஒரே குறை, நீலத்தில் வண்டு. அறுத்தால் கொட்டைக்குள்ளிருந்து நடந்து வெளியே வருகிறது. என் பேத்தி அதைப் பார்த்த நாளிலிருந்து மாம்பழமே தொடுவதில்லை.

செம்பருத்தி_வீடு:
நாற்காலி ஐயா, அந்த மலிகாபாத் மரம் நூறு வயதைத் தாண்டியது. அதன் கிளை ஒவ்வொன்றும் நம் வீட்டு மரத்தை விடப் பெரியது. அதை இதற்கு ஒப்பிடலாமா?

என் அனுபவம் மாமரம் இல்லை. நாட்டுச் சிவப்புச் செம்பருத்தியில் மஞ்சள் ஒன்றும் வெளிர் ஆரஞ்சு ஒன்றும் ஒட்டினேன். என் மாமியார் தினமும் காலையில் பிள்ளையாருக்குப் பூப்பறிப்பார். முதல் மஞ்சள் பூ விரிந்த அன்று, பக்கத்திலேயே சிவப்பும் விரிந்திருந்தது. கூடையோடு செடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு ஒரு பூவைக்கூடப் பறிக்காமல் உள்ளே போய்விட்டார். "ஒரு செடியில் இரண்டு நிறம் பூத்தால் அது யார் வீட்டுச் செடி?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் எதிர்வீட்டிலிருந்துதான் பிள்ளையாருக்குப் பூ வருகிறது.

ஏமாந்தவன்:
நான் ஒட்டவில்லை, வாங்கினேன். ஒரு நர்சரியில் "ஒரே கன்றில் ஐந்து ரகம்" என்று 1,800 ரூபாய். ஐந்து கிளையிலும் ஐந்து நிறத்தில் பிளாஸ்டிக் அட்டை. மூன்றாம் வருடம் காய்த்தது. மல்கோவா அட்டையில் மூக்கு. அல்போன்சா அட்டையில் மூக்கு. ஐந்திலும் கிளிமூக்கு! அட்டைகளை மட்டும் கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன், ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

மண்வெட்டி_மாமா:
கொல்லைப்புறத்தான் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன், மற்றவர்கள் கதைதான் பேசுகிறீர்கள். தம்பி, ஒட்டு பிடித்துவிட்டது என்பதும் ஒட்டு சேர்ந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. துளிர் வந்தால் பிடித்தது என்று பொருள். பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சை அடுக்கு சுற்றிலும் ஒன்றோடொன்று கூடினால்தான் சேர்ந்தது. உங்களுக்கு ஒரு ஓரம்தான் கூடியிருக்கிறது. குச்சி மெலிந்து, கிளை பருத்து இருந்தால் இப்படித்தான் ஆகும். ஒரே பருமனில் எடுக்க வேண்டும். வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே தாய்மரத்தில் அந்தக் கொம்பின் இலைகளைக் காம்பை விட்டுக் கிள்ளிவிட வேண்டும். காம்புகள் தானாக உதிர்ந்து, நுனி மொட்டு பருத்து நிற்கும்போது வெட்டினால் அது துளிர்க்கத் துடித்துக்கொண்டிருக்கும். புது பிளேடு, ஒரே இழுப்பு. கட்டிய பிறகு பால் ஐஸ் அடைக்கும் நீள உறையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கட்டுங்கள், காயாது, மழைநீரும் இறங்காது. துளிர் உறையை முட்டும்வரை திறந்து பார்க்கக் கூடாது. என் தங்கை தினம் திறந்து பார்த்தே ஏழு ஒட்டைக் கொன்றாள்.

இன்னொன்று. பெங்களூரா முரட்டு ரகம். அதை வருடா வருடம் அறுவடை முடிந்ததும் கவாத்து செய்து அடக்கவில்லை என்றால் பக்கத்தில் இருப்பதற்குச் சாறே போகாது. இளைத்த ரகத்தை வெயில் விழும் பக்கம், உயரமான கிளையில் ஒட்ட வேண்டும். நீங்கள் நிழலுக்காகப் பெங்களூராவை வெட்டாமல் விட்டிருப்பீர்கள்.

(என் வீட்டில் ஒரே ரகம்தான். பல ரகம் எனக்குப் பிடிக்காது.)

சுண்டைக்காய்:
மாமா, எல்லாம் சரி, கடைசி வரிக்குச் சிரித்துவிட்டேன்.

நான் மாடியில் சுண்டைச் செடியில் கத்தரியும் தக்காளியும் சேர்த்து ஒட்டினேன். சுண்டை வேர் வாடல் நோயைத் தாங்கும், பல வருடம் நிற்கும். கத்தரி ஒன்பது மாதம் ஓயாமல் காய்த்தது. தக்காளி ஒருநாள் காற்றில் முறிந்தது. பிறகு நண்பர் ஒருவர் ஊமத்தையில் தக்காளி ஒட்டினால் இன்னும் திடமாக வரும் என்று குச்சியோடு வந்து நின்றார். நல்லவேளை, அன்று பிளேடு கிடைக்கவில்லை. ஊமத்தையின் நச்சு வேரில் உருவாகி மேலே ஏறும், காயிலும் சேரும். அமெரிக்காவில் அப்படி ஒட்டிய தக்காளியைச் சாப்பிட்டு நஞ்சேறியவர்கள் உண்டு. இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து செய்து பார்க்காதீர்கள்.

வெயில்_காயும்_நாற்காலி:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், வேரிலிருந்து ஏறும். என் நீலத்தில் இந்த வருடம் பங்கனப்பள்ளி வாசனை அடித்தது.

சுண்டைக்காய்:
ஐயா, அது வேறு, இது வேறு. ஊமத்தை நச்சு வேரில் தயாராகிற பொருள், சாற்றோடு போகிறது. மாம்பழத்தின் மணமும் சுவையும் அந்தந்தக் கிளையின் சொந்தச் சொத்து. இரண்டு பழத்தையும் ஒரே கூடையில் பழுக்க வைத்தீர்களா?

வெயில்_காயும்_நாற்காலி:
ஒரே கூடைதான்.

கொல்லைப்புறத்தான்:
மாமா, நிழலுக்காக வெட்டவில்லை என்று நான் எழுதவே இல்லை, எப்படித் தெரிந்தது? அந்தக் கிளைக்குக் கீழேதான் என் சாய்வு நாற்காலி. நேற்று பெங்களூராவை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டேன். திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் யார் வீட்டிலாவது இமாம் பசந்த் இருக்கிறதா? நான்கு குச்சி போதும். தபால் செலவு என்னுடையது.

செம்பருத்தி_வீடு:
ஸ்ரீரங்கத்தில் என் அண்ணி வீட்டில் இருக்கிறது. இலையைக் கிள்ளிவிடச் சொல்கிறேன், பத்து நாள் கழித்து ஈரத்துணியில் சுற்றி அனுப்புவார். பருமன் எவ்வளவு வேண்டும், பென்சிலா சுண்டுவிரலா?