சுதந்திரச் சந்தை என்றால் அரசாங்கம் எதுவரை தலையிடலாம்?

புதுசு:
பொருளாதாரம் முறைப்படி படித்தவன் இல்லை, கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விலையைச் சந்தை பார்த்துக்கொள்ளும், அரசு ஒதுங்கி நிற்கட்டும் என்கிறார்கள். அதே ஆட்கள்தான் ஒப்பந்தத்தை மீறினால் நீதிமன்றம் வேண்டும், திருட்டுப்போனால் போலீஸ் வேண்டும் என்கிறார்கள். அப்போது எல்லைக்கோட்டை எங்கே போடுவது?

பழைய கணக்கர்:
சுதந்திரச் சந்தைக்கு முன்னோடியான பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித்தே 1776-ல் அரசுக்கு மூன்று வேலை சொன்னார்: நாட்டுப் பாதுகாப்பு, நீதி, அப்புறம் தனியாருக்குக் கட்டுப்படியாகாத பொதுப்பணிகள். மூன்றாவது மட்டும் பலருக்கு வசதியாக மறந்துபோகும்!

என்னைக் கேட்டால் 'ஒதுங்கி நிற்பது' என்ற பேச்சிலேயே கோளாறு இருக்கிறது. லிமிடெட் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி மூழ்கினால் பங்குதாரர் போட்ட பணம்தான் போகும், அவர் வீட்டு வாசலில் கடன்காரன் வந்து நிற்க முடியாது. இது தானாக முளைத்ததா? பிரிட்டனில் 1855-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத்தான் சாதாரண கம்பெனிகளுக்கும் இதைப் பொதுவாகத் திறந்துவிட்டது. காப்புரிமை, திவால் சட்டம் எல்லாமே இந்த ரகம்தான். சந்தை ஓடுகிற தண்டவாளத்தையே அரசு போட்டிருக்கும்போது எங்கே போய் ஒதுங்குவது?

வெட்டிப்பேச்சு:
தண்டவாளம் போடட்டும் ஐயா, ரயிலையும் நானே ஓட்டுவேன் என்று ஏறி உட்காரும்போதுதான் வம்பு. அமெரிக்காவில் 1938-லிருந்து விமானக் கட்டணம், வழித்தடம் எல்லாம் ஒரு வாரியத்தின் கையில். 1978-ல் சட்டத்தைத் தளர்த்தும்வரை, நாற்பது வருடமாக, நெடுந்தூர வழித்தடங்களுக்குப் புதிதாக ஒரு பெரிய நிறுவனத்தைக்கூட அது உள்ளே விடவில்லை. மாநில எல்லைக்குள் மட்டும் பறப்பவர்கள்மேல் அந்த வாரியத்துக்கு அதிகாரம் கிடையாது, கலிஃபோர்னியாவுக்குள்ளும் டெக்சாஸுக்குள்ளும் டிக்கெட் ரொம்பவே மலிவு. பயணியைக் காப்பாற்ற வந்த விதி கடைசியில் யாரைக் காப்பாற்றியது? ஏற்கெனவே உள்ளே இருந்த முதலாளியை.

பழைய கணக்கர்:
நல்ல உதாரணம், மறுக்கவில்லை. ஆனால் கட்டணக் கட்டுப்பாடு போனபோது பாதுகாப்பு விதிகள் போகவில்லையே, அதைக் கவனித்தீர்களா? டிக்கெட் விலை பயணிக்குத் தெரியும், பிடிக்காவிட்டால் வேறு விமானத்தில் போவார். எஞ்சினைக் கழற்றிப் பார்க்க அவரால் முடியுமா? வாங்குபவருக்குத் தெரிய வழியில்லாத இடம், வியாபாரத்தில் சம்பந்தமே இல்லாத மூன்றாம் ஆள் புகையைச் சுவாசிக்கும் இடம், இங்கெல்லாம் விதி வேண்டும். விலையில் கைவைக்க வேண்டாம்.

புகையிலும்கூட முரட்டுத்தனமாகத் தடை போடத் தேவையில்லை. அமில மழைக்காக 1990-ல் அமெரிக்காவில் செய்தது எனக்குப் பிடித்த ஏற்பாடு: மின்நிலையங்கள் மொத்தம் எவ்வளவு கந்தக டையாக்சைடு (அமில மழைக்குக் காரணமான வாயு) விடலாம் என்று அரசு உச்சவரம்பு கட்டியது, அந்த அனுமதியை ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்ள விட்டது. மலிவாகக் குறைக்க முடிந்தவர் அதிகம் குறைத்து, மிச்ச அனுமதியை விற்றார்.

புதுசு:
சரி, 2008 நிதி நெருக்கடியில் மூழ்கவிருந்த வங்கிகளை அரசு பணம் போட்டுத் தூக்கிவிட்டதே, அது எந்தக் கணக்கில் வரும்?

வெட்டிப்பேச்சு:
லாபம் வந்தால் என்னுடையது, நஷ்டம் வந்தால் ஊருடையது என்ற கணக்கில். அதைச் சந்தை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

பழைய கணக்கர்:
இதில் நமக்குள் சண்டையே இல்லை. ஆனால் அமெரிக்காவில் 1933-லேயே வங்கி வைப்புத்தொகைக்கு அரசு காப்பீடு கொடுத்தாகிவிட்டது. போட்டவர் பயமில்லாமல் தூங்குவார், வங்கி என்ன செய்கிறது என்று எட்டியும் பார்க்க மாட்டார். அவருக்குப் பதிலாக ஜாமீன் நின்றவர்தானே கணக்குப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும்?