பத்து ரூபாய் காசை வாங்க மறுத்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

பென்ஷனர் தாத்தா

கள்ளக்காசு, செல்லாது என்ற வதந்தியால் கடைகளில் பத்து ரூபாய் காசை வாங்க மறுக்கும் விவகாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், நீட்டி விளக்கப் போவதில்லை. போன வெள்ளிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன். மனசை விட்டுப் போகவில்லை.

ஊர் திருவண்ணாமலைப் பக்கம். கோயில் வாசலில் பூ வாங்கிவிட்டுக் காசுகளை நீட்டினேன். பூக்காரம்மா கையை இழுத்துக்கொண்டார்.

“நோட்டா குடுங்க சாமி.”

“ஏம்மா, இது செல்லாதா?”

“செல்லும் சாமி. நல்ல காசுதான், எனக்குத் தெரியாதா? மண்டியில வாங்க மாட்டாங்க.”

கள்ளக்காசு என்று சொல்லியிருந்தால் நன்றாகச் சண்டை போட்டிருப்பேன். ‘எனக்குத் தெரியாதா’ என்று கேட்டதும் வாயடைத்துப் போனது. நமக்கு என்ன வேலை? மறுநாள் விடிகாலை பூ மண்டிக்கே போய்விட்டேன். மண்டிக்காரர் சிரித்தார். “நான் வாங்கிப்பேன் சார், விவசாயி வாங்க மாட்டாரே.” விவசாயி அங்கேயே சாக்கு மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்டால், “எனக்கென்னங்க, காசு காசுதான். உரக்கடைக்காரன் வாங்கணுமே!” உரக்கடைக்கு நான் போகவில்லை. அவர் யாரைக் கைகாட்டுவார் என்று தெரிந்துவிட்டது.

ஆக, ஊரில் ஒருவருக்கும் அந்தக் காசின் மேல் சந்தேகம் கிடையாது. அடுத்தவருக்குச் சந்தேகம் என்பதில்தான் அத்தனை பேருக்கும் அசையாத நம்பிக்கை. வேலைக்காலம் முழுவதும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். பணத்தை எண்ணத் தெரிந்த அளவுக்கு மனுஷனை எண்ணத் தெரியவில்லை.

நாலணாவை அரசாங்கம் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடுதான் நிறுத்தியது. எங்கள் கடைவீதியில் அதற்கு முன்பே அதன் கருமாதி முடிந்துவிட்டது. எட்டணா இன்றைக்கும் சட்டப்படி செல்லும். கோயில் வாசலில் தட்டில் போட்டுப் பாருங்கள், உங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். ஆனால் 2019-இல் அறிவித்தார்களே, அந்தப் பன்னிரண்டு மூலை இருபது ரூபாய் காசு? அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குகிறார்கள். பத்துக்கு மட்டும் என்ன பாவம்?

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்ததா?

முன்னாள் கண்டக்டர்

ஐயா, எல்லோரும் எங்களைத்தான் திட்டுவார்கள். கண்டக்டர் காசு வாங்க மாட்டேன் என்கிறான் என்று. வாங்கச் சொல்லி எங்களுக்கு சர்க்குலரே வந்தது. வாங்கினோம். வாங்கிய காசை மீதிச் சில்லறையாக யார் தலையில் கட்டுவது என்று மட்டும் அதில் இல்லை.

ஒரு கடைசி ட்ரிப். பையில் பாதிக்கு மேல் பத்து ரூபாய் காசு. ஒருவர் ஐம்பது கொடுத்தார், மீதிக்குக் காசு கொடுத்தேன். “நோட்டு இல்லையா?” என்றார். இல்லை என்றேன். அவர் பேசாமல் இறங்கி, சன்னல் கம்பி வழியாகக் காசுகளை சீட்டின் மேல் வைத்துவிட்டு, “நீயே வெச்சிக்க, பிச்சையா நினைச்சிக்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அரைமணி நேரம் முன்னால் அதே ஸ்டாப்பில் ஒருவர், இந்தக் காசை வாங்காவிட்டால் மேலே புகார் செய்வேன் என்று மிரட்டித்தான் அதே காசைக் கொடுத்தார்.

வேபில், அதாவது ட்ரிப் கணக்குச் சீட்டு, சரியாக வந்தது. ‘பிச்சை’யை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆரணி குமரன்

இதில் பேச என்ன இருக்கிறது? வாங்க மறுத்தால் 124ஏ, தேசத்துரோக வழக்கு. போலீசுக்குப் போன் போட்டால் போதும். எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது, வக்கீல் ஒருவரே போட்டிருந்தார்.

அப்புறம், எல்லாக் காசும் நல்ல காசு என்று சொல்லாதீர்கள். காசில் கதிர் மாதிரிப் பத்துக் கோடு உள்ளது அசல், பதினைந்து கோடு உள்ளது டூப்ளிகேட். ரூபாய் சின்னம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எங்கள் தெரு டீ மாஸ்டர் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கல்லாவுக்கு மேல் தொங்கவிட்டிருக்கிறார். நான் கொடுத்த காசை அதில் வைத்தார், ஒட்டவில்லை. “பாத்தியா, போலி.” ஒரு ரூபாயை வைத்துக் காட்டினார், டப்பென்று ஒட்டியது. கடையில் இருந்த எல்லோரும் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். அன்றைக்கு டீக்கு ஜிபேயில் கட்டினேன்.

சட்டம் பேசுகிறவர்

எனக்கு நடந்தது சின்ன விஷயம். பெட்ரோல் பங்கில் வாங்கவில்லை, சண்டை போட்டேன், வாங்கினார்கள். அவ்வளவுதான்.

ஆனால் குமரன் தம்பிக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. 124ஏ, அரசாங்கத்துக்கு எதிராக வெறுப்பைத் தூண்டுவது பற்றிய பிரிவு. டீக்கடைக்காரர் உங்கள் காசின் மேல் வெறுப்பைக் காட்டினால் அதில் வராது. அந்த இந்திய தண்டனைச் சட்டமே 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இல்லை. பார்க்க வேண்டியது 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம், 6-ஆவது பிரிவு. ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட காசுகளும் 1,000 ரூபாய் வரை சட்டப்படி செல்லும். எட்டணாவாகக் கொடுத்தால் 10 ரூபாய் வரைதான். ஆகவே மூட்டை கட்டிக்கொண்டு போய் “வாங்கியே தீர வேண்டும்” என்று யாரும் அதட்ட முடியாது. 2022-இல் தருமபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர் 6 லட்சம் ரூபாய்க் காரைப் பத்து ரூபாய் காசுகளாகவே கொடுத்து வாங்கினாரே, அது விற்றவர் ஒப்புக்கொண்டதால் நடந்தது.

கோடு கதைக்கு வருவோம். ரூபாய் சின்னம் வந்ததே 2010 ஜூலையில்தான். வரைந்தவர் நம் தமிழ்நாட்டு உதயகுமார். அதற்கு முன் அடித்த காசில் சின்னம் எப்படி இருக்கும்? ரிசர்வ் வங்கி 2016 நவம்பரிலேயே இதைச் சொன்னது. 2018 ஜனவரியில் மறுபடி, இதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று அறிக்கை விட்டது. 14440 என்ற எண்ணை வேறு கொடுத்தார்கள். கூப்பிட்டால் பதிவு செய்த குரல் விளக்கம் சொன்னது.

காந்தமா? ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு, ஒட்டும். பத்து ரூபாய் வேறு உலோகக் கலவை. டீ மாஸ்டரிடம் தங்க மோதிரத்தையும் காந்தத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் காசு சேர்ந்திருந்தால் நூறு நூறாகப் பாலிதீன் பையில் போட்டு வங்கிக்குக் கொண்டு போங்கள். கிளைகள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் ரிசர்வ் வங்கி உத்தரவு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போகாதீர்கள். மாசம் பிறந்த முதல் வாரத்திலும் போகாதீர்கள். மறுத்தால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதித் தர யோசிப்பார்கள், வாங்கிவிடுவார்கள். அதுவும் நடக்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு. மனுவுக்கு ரசீது வாங்க மறக்காதீர்கள். ஜெராக்ஸ் இரண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரணி குமரன்

அண்ணா, பத்து ரூபாய்க்குக் கலெக்டர் ஆபீசா? பஸ்ஸுக்கே அதைவிட அதிகம் ஆகும். அதுவும் பஸ்ஸில் இந்தக் காசை வாங்கினால்!

மீனா

எல்லோரும் காசை வாங்காதவர்களைப் பற்றிச் சொல்கிறீர்கள். எங்கள் பெரிய மாமா கதை கேளுங்கள். மளிகைக் கடை வைத்திருந்தவர். பத்து ரூபாய் காசைக் கண்டால் தீட்டு மாதிரி ஒதுங்குவார்.

அவரிடம் டிராக்டர் படம் போட்ட பழைய ஐந்து ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. அதற்கு லட்சக்கணக்கில் விலை என்று போனில் ஒரு விளம்பரம். கூப்பிட்டார். ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதம் ஒன்றை அனுப்பினார்கள். முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி, அப்புறம் டெலிவரிக்காரருக்கு இன்சூரன்ஸ். எல்லாவற்றையும் கட்டினார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை, பங்கு கேட்போம் என்ற பயம். இந்த மாதிரி ஆட்களை நம்பாதீர்கள், பழைய காசு நோட்டு வியாபாரத்தில் எங்களுக்குச் சம்பந்தமே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட்டிலேயே எச்சரித்திருந்தது என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

என்னால் மறக்க முடியாதது இதுதான்: கடைசித் தவணையைக் கட்டிவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்தவர், என் மகன் கொடுத்த பத்து ரூபாய் காசை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் ஏமாத்து வேலைடா கண்ணு, வேற குடு” என்றார்.

பென்ஷனர் தாத்தா

மீனாம்மா, உங்கள் மாமாவைத் தப்பாகச் சொல்ல மாட்டேன். 2016 நவம்பர் 8 ராத்திரி டிவியில் சொன்னார்கள், விடிந்தபோது ஐந்நூறும் ஆயிரமும் போயிற்று. அதைப் பார்த்தவனுக்கு எந்தக் காசும் எப்போது வேண்டுமானாலும் சாகும், எந்தக் காகிதமும் எப்போது வேண்டுமானாலும் லட்சமாகும் என்று தோன்றினால் ஆச்சரியமா? எங்கள் தலைமுறை 1978-இலும் ஒருமுறை பார்த்தது. அப்போது போனது ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் நோட்டு. எங்கள் தெருவில் ஒருவரும் அழவில்லை, யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

சட்டம் தம்பி, நன்றி. நீங்கள் சொன்னதை எல்லாம் பூக்காரம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “அதை மண்டியில சொல்லுங்க சாமி” என்றார்.

சென்னை செல்வம்

பெரியவரே, இங்கே நான் வியாபாரம் பண்ணும் ஏரியாவில் இந்தக் காசு தாராளமாக ஓடுகிறது. மாசம் ஒருமுறை உங்கள் ஊருக்கு வருவேன். யாரிடம் சேர்ந்து கிடந்தாலும் சொல்லுங்கள், மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன். நூறு ரூபாய் காசுக்குத் தொண்ணூறு ரூபாய் நோட்டு. ரெடி கேஷ்.

சட்டம் பேசுகிறவர்

இது அநியாயம். நூறு ரூபாய் என்றால் நூறு ரூபாய்தான். யாரும் கொடுக்காதீர்கள்.

பென்ஷனர் தாத்தா

செல்வம், தொண்ணூறு ரொம்பக் குறைவு. தொண்ணூற்றைந்து என்றால் பேசலாம்.