ஏழாம் தலைமுறை ஐ5-இல் விண்டோஸ் 11 போடலாமா?

குடியாத்தத்தில் சின்ன டிடிபி கடை வைத்திருக்கிறேன். இருப்பது ஒரே கம்ப்யூட்டர், இன்டெல் ஐ5-7400, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான சப்போர்ட் முடிந்துவிட்டது, இப்போதைக்கு ஈஎஸ்யூ என்ற மைக்ரோசாஃப்ட்டின் நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்து பாதுகாப்பு அப்டேட் மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறேன், அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான்.

விண்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்பு வசதிகளான டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் பயாஸில் ஆன் செய்தாச்சு. அப்படியும் மெஷின் 11-க்குப் பொருந்துமா என்று பார்க்கும் மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக், ப்ராசஸர் பொருந்தாது என்றே காட்டுகிறது, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்குமாம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தை பென்டிரைவில் ஓட்டிப் பார்த்தேன், நல்ல வேகம், பிரின்டரும் வேலை செய்தது, ஆனால் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7 அதில் நேரடியாக ஓடாது. பழைய கல்யாணப் பத்திரிகை ஃபைல் எல்லாமே பேஜ்மேக்கரில் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் இருக்கிறது, வாடிக்கையாளர் அண்ணன் கல்யாணத்துக்கு அடித்த அதே மாடல் வேண்டும் என்று வந்து நிற்பார், அதை விட முடியாது. வேலூரில் விசாரித்த இடத்தில் புதுசாக வாங்குங்கள் என்கிறார்கள், இப்போது அதற்குப் பணம் இல்லை.

மிச்சம் இருப்பது ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் வழியாக இந்த ப்ராசஸர் சோதனையைத் தாண்டி 11 போடுவது. அப்படிப் போட்டால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. தை முகூர்த்தம் தொடங்கினால் மெஷினை நிறுத்த முடியாது, மார்கழிக்குள் முடிக்க வேண்டும்.

ஏழாம் தலைமுறை மெஷினில் இப்படி 11 போட்டு, பேஜ்மேக்கரும் பாமினியும் தினமும் பயன்படுத்துகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா, அப்டேட் ஒழுங்காக வருகிறதா?