அரத்துப் பல்லில் ஈயம் அடைச்ச அனுபவம் இருந்தா சொல்லுங்க

வெள்ளீயத்துல வார்த்த சின்ன யானை. ஊற்றுத் தண்டை வெட்டியாச்சு, அச்சு சேர்ற கோட்டையும் ராவியாச்சு, நெற்றி மட்டும் பாக்கி. நைஸ் அரம்தான். தள்ளும்போது கீச்சுனு ஒரு சத்தம். நெற்றியிலிருந்து தும்பிக்கை வரைக்கும் பள்ளமா ஒரு கோடு! அரத்தைத் திருப்பினா பல் இடுக்குல ஊசித்தலை அளவுக்கு ஒரு கட்டி, பளபளன்னு. கம்பி பிரஷ்ஷுக்கு மத்த தூளெல்லாம் போச்சு, அது மட்டும் அசையலை. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. உங்களுக்கு எப்படி?

* * *

பிரஷை எந்தப் பக்கம் ஓட்டினீங்க? நீளவாக்குல ஓட்டினா பல்லு மேலயே தாவிப் போயிடும். பல் வரிசை சாயுற திசையிலயே இழுக்கணும். எனக்கும் அப்படி ஒரு கட்டி வரவே மாட்டேன்னுச்சு. செம்புக் குழாயோட நுனியைச் சுத்தியால தட்டையாக்கி, வரிசையோடவே அழுத்தித் தள்ளினேன். ரெண்டு தள்ளுலயே செம்புல பல்லோட அச்சு விழுந்துடுச்சு, அப்புறம் அதுவே இடுக்குக்குள்ள இறங்க ஆரம்பிச்சது. கட்டி சுருண்டு எழும்பி மேசையில விழுந்தப்போ, சொத்தைப் பல்லைப் பிடுங்கின நிம்மதி. பித்தளைத் தகடும் ஆகும். இரும்பு ஊசியால நோண்டாதீங்க.

* * *

என்கூட பட்டறையைப் பகிர்ந்துக்குறவர் ஒரு கணக்குப் போட்டார். காரீயம் 327 டிகிரியில உருகும், வெள்ளீயம் 232லயே உருகும், அப்ப டார்ச்சைக் காட்டினா வழிஞ்சு ஓடிடாதா? ஓடத்தான் செஞ்சது. அரம் புதுசாட்டம் ஆச்சு, லேசா நீலம் பாஞ்சிருந்தது, அவ்வளவுதான். அடுத்து ஒரு இரும்புப் பட்டையை வைஸ்ல மாட்டித் தள்ளினார். வழுக்குது. அழுத்தித் தள்ளினார், அப்பவும் வழுக்குது. பல் முனையெல்லாம் மழுங்கி மினுங்குது. நீலம் வந்தா சுமார் 300 டிகிரி தொட்டாச்சு, எஃகோட பதம், அதாவது கெட்டித்தன்மை, இறங்கியாச்சுன்னு அர்த்தம். மனுஷன் "சுத்தமாத்தானே இருக்கு"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருந்தார்.

* * *

இதெல்லாம் வந்த பிறகு பார்க்கிற வைத்தியம். அரத்தில் சாக்பீஸ் தேய்க்காமல் மென்மையான உலோகத்தைத் தொடுவதே தவறு. நான் தேய்க்கிறேன், எனக்கு அடைப்பதில்லை, என் கதை அவ்வளவுதான்.

மற்றபடி கவனியுங்கள். இடுக்கில் சுண்ணாம்பு உட்கார்ந்துவிட்டால் தூளுக்கு இடமில்லை, பிரஷ்ஷில் ஒரே இழுப்பில் வந்துவிடும். எண்ணெய் ஆகவே ஆகாது, தூள் அப்பிக்கொள்ளும். ஈயத்துக்கும் அலுமினியத்துக்கும் நைஸ் அரம் எதற்கு? பல் வரிசை ஒரே திசையில் மட்டும் சாயும் முரட்டு ஒற்றை வெட்டு அரம், கிடைத்தால் வளைவுப் பல் அரம். வைஸில் அடித்துத் தூள் உதறாதீர்கள், அரம் உடையும் சாதி. காரீயத் தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடைத்தது அலுமினியம் என்றால் காஸ்டிக் சோடாக் கரைசல் அதைத் தின்றுவிடும், எஃகைத் தொடாது. ஆனால் கொதித்து ஹைட்ரஜன் கிளம்பும். திறந்தவெளி, கண்ணாடி, கையுறை கட்டாயம். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது.

* * *

சாக்பீஸ் சார், கேட்டது அனுபவம் :)

செம்புக்குழாய் நண்பரோட எனக்கு ஒரு சண்டை. கட்டி வந்துட்டா அரம் சுத்தம்னு அர்த்தமில்ல. என் சிநேகிதி ஒருத்தி வெள்ளீயம் ராவின அரத்தை நல்லாவே பிரஷ் போட்டுட்டு, அதே அரத்தால வெள்ளி மோதிரம் ஒண்ணை ராவினா. பத்தவைக்கச் சூடு ஏத்தினா. நான் பக்கத்துல நிக்கிறேன். வெள்ளி சிவக்க ஆரம்பிக்கும்போது வளையத்துல சின்னதா ஒரு கரும்புள்ளி, எங்க கண்ணெதிர்லயே உள்ள இறங்கிப் பள்ளமாச்சு. தீயை எடுத்தும் பிரயோஜனமில்ல. ஒட்டியிருந்த வெள்ளீயம் உருகி வெள்ளியையே கரைச்சிடுச்சு. காரீயமும் இதைத்தான் செய்யும். வெள்ளிக்குத் தனி அரம், கைப்பிடியில பெயிண்ட் அடையாளம். இதுல பேரமே கிடையாது.

* * *

உருக்கி எடுக்கவே கூடாதுன்னு முடிவு கட்டாதீங்க. எனக்கு அடைச்சது ஃபீல்ட் உலோகம்: பிஸ்மத், இண்டியம், வெள்ளீயம் சேர்ந்தது, 62 டிகிரியிலயே உருகிடும். பட்டறைக்குன்னு வெச்சிருக்கிற பாத்திரத்துல கொதிதண்ணிய ஊத்தி அரத்தைச் செங்குத்தா நிறுத்தினேன். பல்லுலேர்ந்து துளித்துளியா கழண்டு அடியில உருண்டையா சேர்ந்ததைப் பார்க்கணுமே! 100 டிகிரிக்கு அரத்தோட பதம் இறங்காது. துரு பிடிக்கிறதுக்குள்ள துடைச்சுக் காயவெச்சா போதும். வுட் உலோகமும் 70 டிகிரி வாக்குல உருகும், ஆனா அதுல காரீயமும் காட்மியமும் இருக்கு, நான் கிட்டவே போறதில்ல. அடியில கிடந்த உருண்டையை மறுபடி அச்சுல ஊத்தியாச்சு.