கல்லடி அயலவர் குழு: தொடர்பாடல் உரிமைக்கான மனு

செயலாளர்: அனைவருக்கும் வணக்கம். இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும், இலங்கையின் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைத் திருத்தக் கோரும் மனுவின் வரைவை இங்கே பகிர்ந்துள்ளேன். அச்சட்டப்படி, அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் சனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழு ஒரு பதிவைப் பொய்யென்று கருதி நீக்கச் சொல்லலாம். பொது ஒழுங்குக்கு அச்சுறுத்தலான பொய்க் கூற்றைப் பரப்பியவருக்கு நீதிமன்றம் 5 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். வாசித்துக் கருத்துச் சொல்லுங்கள்.

கடைக்கார அண்ணா: தம்பி, எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், முஸ்லிம் கடையொன்றின் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கிளம்பிய வதந்தியால்தானே பள்ளிவாசல் வரை தாக்கப்பட்டது? இப்படிப்பட்டவற்றைத் தடுக்க ஒரு சட்டம் வேண்டாமா?

டீச்சர் அக்கா: அண்ணா, அந்த நிகழ்வைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். சாப்பாட்டில் இருந்தது வெறும் மாக்கட்டி என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் உறுதிப்படுத்தினார். அந்த ஒரு வரி தமிழிலும் சிங்களத்திலும் அன்றிரவே அதிகாரபூர்வமாக வெளிவந்திருந்தால் எத்தனை பேர் நின்று யோசித்திருப்பார்கள்! ஆனால் நமக்குக் கிடைத்தது, கண்டி மாவட்டத்தின் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்தின்போது அதே ஆண்டு மார்ச் 7 அன்று பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் மூன்றுக்கும் விதிக்கப்பட்ட தடைதான். வன்முறையைத் தூண்டியவரைச் சாதாரண சட்டத்தாலேயே நீதிமன்றத்தில் நிறுத்தலாம். அதற்காக ஊர் முழுவதன் வாயையும் கட்டுவது நியாயமில்லை.

சின்னம்மா: 2019 ஏப்ரல் 21ஐ என்னால் மறக்க முடியாது. நம் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த செய்தி கேட்டு கத்தாரிலிருந்து மகள் பதறிப்போயிருக்கிறாள். அன்று சமூக ஊடகங்களை முடக்கியதால் அவளுடைய வாட்ஸ்அப் அழைப்பு எதுவும் வந்து சேரவில்லை. காயப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியலைப் பார்க்க நாங்கள் போதனா வைத்தியசாலை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று கேட்கக்கூட அவளுக்கு வழியிருக்கவில்லை. மனுவில் முதலாவது கையொப்பம் என்னுடையது.

கடைக்கார அண்ணா: சின்னம்மா, இதை நான் அறிந்திருக்கவில்லை. நானும் ஒப்பமிடுகிறேன். ஆனால் மதத்தையோ இனத்தையோ இழிவுபடுத்துவோருக்கு ஆதரவாக நாம் பேசுகிறோம் என்று எவரும் சொல்லாதபடி ஒரு வாக்கியம் சேருங்கள்.

செயலாளர்: சேர்த்துவிட்டேன் அண்ணா. “பொய்யெது என்பதை நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும், அவசரகாலத்தில் சரியான தகவல் மும்மொழிகளிலும் ஒரே நேரத்தில் வெளியிடப்பட வேண்டும்” என்பவை மனுவின் இரண்டு கோரிக்கைகள். அத்துடன், பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களின்போது 2022 ஏப்ரல் 3 அன்று விதிக்கப்பட்ட சமூக ஊடகத் தடைக்கான எழுத்துமூல உத்தரவின் பிரதியைக் கேட்டு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்கீழ் தனியாக ஒரு விண்ணப்பமும் அனுப்புவோம். தகவல் கேட்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

டீச்சர் அக்கா: விண்ணப்பத்தைத் தமிழில் எழுதி, பதிலையும் தமிழிலேயே கேளுங்கள். சிங்களப் பிரதியை என் தோழி சரிபார்த்துத் தருவார்.

செயலாளர்: நன்றி அக்கா. சனிக்கிழமை மாலை வாசிகசாலையில் கையொப்பம் பெறுகிறோம். காத்தான்குடி நண்பர்களும் வருகிறார்கள். அடையாள அட்டை இலக்கம் எழுத வேண்டியதில்லை, பெயரும் ஊரும் போதும்.