காலையில் முதல் ஸ்டார்ட் மட்டும் இழுக்குது – காமன் ரெயில் டீசல் பிக்கப்

ஈரோடு_லோடு:
வணக்கம். நாலு சிலிண்டர் காமன் ரெயில் டீசல் பிக்கப், பிஎஸ்4. காலையில முதல் தடவை செல்ஃப் அடிச்சா பத்து நொடிக்கு மேல சுத்தித்தான் பிடிக்குது. பிடிச்சதும் கொஞ்சம் தடுமாறி, பிறகு சரியாயிடுது. பகல்ல லோடு இறக்கிட்டு எடுத்தா ஒரே அடியில ஸ்டார்ட். டீசல் ஃபில்டர் மாத்தினதுக்கு அப்புறம்தான் இப்படி. பேட்டரி புதுசு, ஆனாலும் செல்ஃப் சோம்பலாத்தான் சுத்துது. செக் லைட் எரியல. சிலிண்டருக்குள்ள டீசலைப் பீய்ச்சுற நாலு இன்ஜெக்டரையும் கழட்டணும்னு ஒர்க்‌ஷாப்ல சொல்றாங்க. அதுக்கு முன்னாடி எதைப் பார்க்கலாம்?

பம்ப்_ரூம்:
இன்ஜெக்டரை இப்போதைக்குத் தொட விடாதீங்க. ராத்திரி நின்னா மட்டும் வருது, அதுவும் ஃபில்டர் மாத்தின பிறகு வருதுன்னா முதல் சந்தேகம் ஏர்தான்.

டேங்கில இருந்து ஹை பிரஷர் பம்ப் வரைக்கும், ஃபில்டர் மேல ஹேண்ட் பிரைமர் (கையால அமுக்கி டீசலை இழுக்கிற சின்ன பம்ப்) இருக்கிற வண்டிகள்ல, பெரும்பாலும் உறிஞ்சுற லைன். அங்கே சின்ன இடைவெளி இருந்தா காத்து உள்ளே போகுமே தவிர டீசல் வெளியே சொட்டாது. அதனால "எங்கேயும் லீக் இல்லை"ன்னு துணியால துடைச்சுப் பார்த்து முடிவு பண்ண முடியாது. ராத்திரியில அந்த வழியா காத்து ஏறி, லைன்ல நின்ன டீசல் டேங்குக்கே இறங்கிடும். காலையில பம்ப் முதல்ல காத்தைத் தள்ளியாகணும். ரெயில்ல, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கிற பொதுக் குழாயில, ஏறக்குறைய 200 பார் அழுத்தம் சேராம இசியூ (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்) இன்ஜெக்டரைத் திறக்காது. நீங்க எண்ணுற பத்து நொடி அதுதான்.

நாளைக்குக் காலையில சாவி போடுறதுக்கு முன்னாடி ஹேண்ட் பிரைமரை கல்லு மாதிரி இறுகுற வரைக்கும் அமுக்குங்க. அப்புறம் செல்ஃப் அடிச்சு உடனே பிடிச்சா ஏர்னு உறுதி. இடத்தைக் கண்டுபிடிக்க, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவுல ஒரு அடி டிரான்ஸ்பரன்ட் டீசல் ஹோஸ் போட்டு குமிழி வருதான்னு பாருங்க.

ஒரு எச்சரிக்கை: பழைய வண்டிகள்ல ஏர் எடுக்க நாசில் பைப் நட்டை லூஸ் பண்ணுவாங்க. காமன் ரெயில்ல அதைச் செய்யவே கூடாது. ரெயில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். அந்த டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். அப்படிப் பட்டா காயம் சின்னதாத் தெரிஞ்சாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

வயர்_பெட்டி:
செல்ஃப் சோம்பல் தனிக் கதை. பேட்டரி மாத்தியும் தீரலைன்னா எர்த்தை, அதாவது பேட்டரி நெகட்டிவ் பக்க இணைப்பைப் பாருங்க. இன்ஜின் ரப்பர் மவுன்ட் மேல உட்கார்ந்திருக்கு. சேசிஸுக்கும் அதுக்கும் நல்ல மின் தொடர்பு அந்தப் பின்னல் எர்த் ஸ்ட்ராப் மட்டும்தான். அதோட நுனியில துரு, பெயிண்ட், ஆயில் சேர்ந்தா செல்ஃபுக்குப் போக வேண்டிய வோல்ட் அங்கேயே போயிடும்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசில வெச்சு, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முளையில (கிளாம்ப் மேல இல்ல), இன்னொன்றை இன்ஜின் பிளாக்ல வெறும் இரும்புல வெச்சுக்கிட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும். அதே மாதிரி பாசிட்டிவ் முளைக்கும் செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கும் நடுவுல. அப்போ பேட்டரி முளைகளுக்கு நடுவுல 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஓடும்போது டைனமோ 13.8ல இருந்து 14.5 வரைக்கும் காட்டணும்.

ஈரோடு_லோடு:
ரொம்ப நன்றிண்ணா. பிரைமர் அடிச்சதும் உடனே பிடிச்சிடுச்சு. ஹோஸ்ல குமிழி தொடர்ந்து ஓடுது. எர்த் பக்கம் 1.3 வோல்ட் காட்டுது. ஹீட்டர் பிளக்கும் மாத்திடலாமா?

பம்ப்_ரூம்:
ஹீட்டர் பிளக் குளிர்ல ஸ்டார்ட் பண்ண சிலிண்டரைச் சூடாக்குறது; ஈரோட்டு வெயிலுக்கு அது காரணமா இருக்க வாய்ப்பு குறைவு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஓட்டினா பார்க்கலாம். காசை அதுல போடாதீங்க.

ஃபில்டரை இறக்கி அதோட ஓ-ரிங்கை (காத்து புகாம அடைக்கிற ரப்பர் வளையம்) பாருங்க. பழைய ரிங் ஃபில்டர் ஹெட்லயே ஒட்டிக்கிட்டிருக்க, அது மேல புதுசைப் போட்டிருப்பாங்க. இல்லைன்னா காய்ஞ்ச ரிங்கைப் போட்டு முறுக்கி மடக்கியிருப்பாங்க. பள்ளத்தைத் துடைச்சு, புது ரிங்ல டீசல் தடவி, கையாலதான் இறுக்கணும். அடியில தண்ணி வடிக்கிற திருகோட வாஷரையும், வாட்டர் சென்சர் ரிங்கையும் விடாதீங்க. மாட்டின பிறகும் குமிழி வந்தா, அந்த டிரான்ஸ்பரன்ட் ஹோஸை ஃபில்டருக்கு முன்னாடி மாத்திப் போடுங்க. அங்கேயும் குமிழின்னா தப்பு டேங்க் பக்கத்து ஹோஸ்லயோ கிளிப்லயோ இருக்கு.

குமிழி நின்ன பிறகும் காலையில இழுத்தா மட்டும் ரிட்டர்ன் டெஸ்ட். நாலு இன்ஜெக்டர் ரிட்டர்ன்லயும் (மிச்ச டீசல் திரும்பி வர்ற வழி) ஒரே அளவு பாட்டில் மாட்டி ஐட்லிங்ல ஓட விடணும். மத்த மூணையும் விட ஒண்ணுல தெளிவா அதிகமா நிரம்பினா அந்த ஒண்ணைத்தான் கழட்டணும், நாலையும் இல்ல.

வயர்_பெட்டி:
1.3 ரொம்ப அதிகம். பேட்டரி நெகட்டிவ் கேபிளைக் கழட்டிட்டு, ஸ்ட்ராப்போட ரெண்டு முனையையும் எமரி தாளால வெள்ளி மாதிரி தேய்ச்சு இறுக்குங்க. பின்னல் கறுத்து, இழை அறுந்திருந்தா புதுசு போடுங்க. மாட்டின பிறகு மேலே கிரீஸ். திரும்ப அளந்து அரை வோல்ட்டுக்குள்ள வந்துட்டா செல்ஃப் மோட்டாரைக் கழட்ட வேண்டியதே இல்லை.