மண்ணையே தாயாக விளிக்கும் சடங்கு யாழ்ப்பாணத்தில் உண்டா?

வணக்கம். உலகத் தொன்மங்களில் பூமித்தாய் பற்றி நான் எழுதிவரும் கட்டுரையை இம்மாத இறுதிக்குள் ஒப்படைக்க வேண்டியுள்ள நிலையில், யாழ்ப்பாணம் பற்றிய பகுதி மட்டும் நிரம்பாமல் நிற்கிறது. அந்தீஸ் மலைநாட்டவர் ஓகஸ்ட் 1ஆம் திகதி நிலத்தில் குழி தோண்டி, தங்கள் பூமித்தாயான பச்சமாமாவுக்கு உணவும் சோள மதுவும் இடுகின்றனர். கிரேக்கத்தின் தானியத் தெய்வமான டிமீட்டரோ மகளைப் பிரிந்த துயரில் விளைச்சலையே நிறுத்திவிடுகிறாள். (எகிப்தில் நிலமான கெப் ஆண், வானமான நூட் பெண் என்பதால், நிலம் எங்கும் பெண்ணே என்ற பொதுவிதியை நான் ஏற்கவில்லை.)

மட்டுவில் ஊரின் பன்றித்தலைச்சி கண்ணகை அம்மனின் பங்குனித் திங்கள் பொங்கலை முதலில் எடுத்துக்கொண்டேன். ஆயினும் என் பார்வையில் அவள் வெம்மை தணிக்கப்பட வேண்டிய தெய்வமேயன்றி நிலமல்லள். தைப்பூசத்தன்று புதிர் எடுப்பது (புதிய நெற்கதிரை வீட்டுக்குக் கொண்டுவருவது) நெல்லைச் சார்ந்தது, மண்ணையன்று. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நாட்டார் வழிபாட்டு நூல்களைப் புரட்டியும், தென்மராட்சியின் முதிய கமக்காரர்களிடம் கேட்டும், நேரடிச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. கோயிற் பூசையில் இடம்பெறும் பூதேவி எனக்கு வேண்டியதில்லை.

ஏர் பூட்டும்போதோ, கிணறு வெட்டத் தொடங்கும்போதோ, மண்ணையே தாயென விளித்துச் சொல்லப்படும் வாய்மொழி வேண்டுதல் குடாநாட்டின் எந்த ஊரில் வழக்கிலுள்ளது?